கழுநீருக்கு மூன்று வழி

அரிசி களைந்த தண்ணீரை மாட்டுக்கு வைத்தால் மடமடவென்று குடித்துவிடும். அதையே வாழையடியில் ஊற்றினால் கன்று தழைத்து வரும், மண்ணில் ஒரு வாடையும் இருக்காது. அதையே தெருச் சாக்கடையில் கொட்டி, அது தேங்கி நின்றுவிட்டால் மூன்றாம் நாள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் அந்தப் பக்கம் நடக்க முடியும். மூன்று இடத்திலும் போனது ஒரே தண்ணீர். அதில் யாரும் விஷம் கலக்கவில்லை. மாடு குடித்துக் கொழுக்கிற தண்ணீர், சாக்கடைக்குப் போனதும் ஏன் நாறுகிறது?

இந்தக் கேள்வியை ஆரணியில் நின்று கேட்பதில் ஒரு பொருத்தம் உண்டு. வெளியூர்க்காரர்களிடம் ஆரணி என்றால் இரண்டைச் சொல்வார்கள்: பட்டு, அரிசி. புவிசார் குறியீடு பெற்ற சேலையும், ஊர்ப் பெயரையே முத்திரையாகப் போட்டுக்கொண்டு கடைக்குக் கடை அடுக்கியிருக்கும் புழுங்கல் அரிசி மூட்டையும். இரண்டு தொழிலும் தண்ணீரில் ஆரம்பிப்பவை. நெல்லை ஊறப்போட்டு அவித்தால்தான் புழுங்கல் அரிசி. கோரா என்னும் கச்சாப் பட்டை அவித்துப் பசை எடுத்தால்தான் சாயம் பிடிக்கும். ஊறல் தண்ணீரும் பசைத் தண்ணீரும் வேதியியல் கண்ணுக்குக் கழுநீரின் பெரியண்ணன்கள்தான். ஒன்றில் மாவுப்பொருளும் சர்க்கரையும், மற்றதில் புரதம். இரண்டுமே உணவு.

சுற்றுச்சூழல் வகுப்பு என்று நம் ஊர்களில் நடப்பவை பெரும்பாலும் ஒரே தடத்தில் போகின்றன. 2001இலிருந்து பள்ளிகளில் தேசிய பசுமைப் படை இருக்கிறது. 2019 சனவரி முதல் தேதியிலிருந்து ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை. 2021 டிசம்பரில் மஞ்சப்பை திரும்பி வந்தது. மகளிர் குழுக் கூட்டங்களில் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று இரண்டு வாளி வைக்கச் சொல்லித் தருகிறார்கள். எல்லாம் வேண்டியவைதான். ஆனால் நெசவுத் தெருவில் இப்படி ஒரு வகுப்பை நடத்த என்னை விட்டால், பிளாஸ்டிக் பையைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, முதல் பாடத்தைக் கழுநீர்ப் பானையிலிருந்துதான் தொடங்குவேன். அந்தத் தெருவில் எந்த வீட்டு வாசலிலும் இருக்கிற பாடம் அது.

முதலில் பட்டுப் பசையைப் பார்த்துவிடலாம். பட்டுப்புழு கூடு கட்டும்போது வாயிலிருந்து இரண்டு இழைகளைச் சேர்த்து விடுகிறது. அவற்றை ஒட்டி வைக்க மேலே ஒரு பசையையும் பூசுகிறது. உள்ளே இருக்கும் இழைக்கு ஃபைப்ராயின் என்று பெயர், மேலே இருக்கும் பசைக்கு செரிசின். இரண்டும் புரதமே. ஃபைப்ராயின் நெருக்கமாக மடிந்து அடுக்கிய புரதம், வெந்நீருக்கு மசியாது. செரிசின் தளர்வானது, நீரை விரும்புவது, கொதிநீரில் கரைந்துவிடும். கோராப் பட்டு விறைப்பாகவும் மங்கலாகவும் இருப்பது இந்தப் பசையால்தான். சோப்பும் சலவைச் சோடாவும் போட்ட கொதிநீரில் நூலை முக்கி முக்கி எடுக்க எடுக்க, பசை கழன்று மினுமினுப்பு வெளியே வருகிறது. நூலின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அந்த அண்டாவிலேயே தங்கிவிடும். ஒரு கிலோ கோராவை அவித்தால் கால் கிலோ புரதம் தண்ணீரோடு போகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்படிச் சொன்னால் கேட்பவர்கள் உடனே சாயத்தைக் காட்டுவார்கள். சிவப்பும் நீலமுமாக ஓடும் சாயத் தண்ணீர்தானே கெடுதல், பால் போல வெளுத்து ஓடும் பசைத் தண்ணீர் என்ன செய்யும்? நியாயமான கேள்வி. நம் கண் நிறத்துக்குப் பயப்படும். ஒரு லிட்டரில் சில மில்லிகிராம் சாயம் இருந்தாலே கண்டுபிடித்துவிடும். கால் கிலோ புரதம் வெளுப்பாகப் போனால் அது கண்ணில் உறுத்தாது. ஆற்றில் மீன் செத்து மிதப்பதற்கு, பல சமயங்களில், நிறமில்லாத இந்தத் தண்ணீரே காரணமாகிறது. சாயத்தைக் குற்றமற்றது என்று சொல்ல வரவில்லை. அதன் வழக்கு வேறு, பிறகு அதற்கும் வருகிறேன்.

ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கதவு சன்னல் எல்லாம் இறுக மூடியிருக்கிறது. உள்ளே பத்துப் பேர் உட்கார்ந்து சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. இடுக்கு வழியே வரும் காற்றே போதும். இப்போது பந்தியில் விருந்தைக் குவித்துவிடுகிறோம். இந்த மண்டபத்தில் ஒரு விசேஷம்: சோறு இருக்கும்வரை விருந்தாளிகள் பெருகிக்கொண்டே இருப்பார்கள். பத்து நூறாகி, நூறு ஆயிரமாகிறது. இலையில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை, மண்டபத்தில் மூச்சுக்காற்றுதான் தீர்ந்துபோகிறது. தண்ணீருக்குள் நடப்பது இதுவே. விருந்தாளிகள் பாக்டீரியாக்கள். கழுநீரும் பசையும் விருந்து. மண்டபத்தின் ஒரு மூலையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவை மீன்கள். அவை விருந்தைத் தொடவே இல்லை, ஆனால் முதலில் சாவது அவைதான்.

தண்ணீரில் மூச்சுக்காற்று எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தால்தான் இதன் தீவிரம் புரியும். நம் ஊர் வெயிலில், 30 பாகை சூட்டில் இருக்கும் நல்ல தண்ணீரில், லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன் மட்டுமே கரைந்திருக்கும். இதைக் கரைந்த ஆக்சிஜன் என்கிறார்கள். சூடு ஏற ஏற இது இன்னும் குறையும், சித்திரையில் குளத்து மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதற்கு ஒரு காரணம் இது. மீன்கள் பிழைத்திருக்க லிட்டருக்கு நான்கு மில்லிகிராமாவது வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கிறது. ஆக, கையிருப்பில் செலவழிக்கக் கூடியது மூன்றரை மில்லிகிராம்.

இப்போது செலவைப் பார்ப்போம். ஒரு கிராம் புரதத்தை பாக்டீரியாக்கள் முழுதாகத் தின்று தீர்க்க ஏறக்குறைய ஒன்றரை கிராம் ஆக்சிஜன் பிடிக்கும். ஒரு கிலோ கோராவிலிருந்து வந்த கால் கிலோ பசைக்கு 375 கிராம். லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் வீதம் வகுத்தால் 50,000 லிட்டர் வருகிறது. பெரிய தண்ணீர் லாரி நான்கில் நிரப்பினாலும் மிச்சம் இருக்கும் அளவு. அவ்வளவு நல்ல தண்ணீரில் இருக்கும் மொத்த ஆக்சிஜனையும் உறிஞ்சிக் காலி செய்ய, ஒரு கிலோ நூலின் பசை போதும். இது காகிதக் கணக்கு. ஓடும் ஆறு மேலிருந்து காற்றை வாங்கிக்கொண்டே இருக்கும், பாக்டீரியாக்களும் ஒரே நாளில் தின்று முடிக்காது. ஆனால் சோப்பையும் இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை.

ஆக்சிஜன் தீர்ந்ததும் பாக்டீரியாக்கள் பந்தியை விட்டு எழுந்து போய்விடுவதில்லை. ஆக்சிஜன் இல்லாமல் பிழைக்கத் தெரிந்த வேறு கூட்டம் வந்து உட்காருகிறது. அவற்றில் சில, தண்ணீரில் கரைந்திருக்கும் சல்பேட் உப்பிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு மிச்சத்தை ஹைட்ரஜன் சல்பைடாக வெளியே விடும். அழுகிய முட்டை நாற்றம் அது. அந்த சல்பைடு மண்ணில் உள்ள இரும்போடு சேர்ந்தால் இரும்பு சல்பைடு, கன்னங்கரேலென்ற பொருள். சாக்கடைச் சேறு எந்த ஊரிலும் கறுப்பாக இருப்பதற்கு அதுதான் காரணம். நாற்றமும் கறுப்பும் அழுக்கின் குணங்கள் இல்லை, அங்கே காற்று தீர்ந்துவிட்டது என்பதற்கான தகவல்கள்.

கண்ணுக்குத் தெரியாத காற்று, கண்ணுக்குத் தெரியாத கிருமி. இவற்றின் வரவு செலவை யார், எப்படிக் கண்டார்கள்? 1888இல் புடாபெஸ்ட் நகரில் லாயோஷ் விங்க்லர் என்ற இளம் வேதியியலர் ஒரு முறையை வெளியிட்டார். ஒரு குப்பியில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீரை நிரப்பி, மாங்கனீசு உப்பையும், அயோடைடு கலந்த காரக் கரைசலையும் சில சொட்டுகள் விட வேண்டும். வெள்ளையாக ஒரு வண்டல் விழும். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தால் அந்த வண்டல் அதைப் பிடித்துக்கொண்டு பழுப்பாகிவிடும். இல்லாவிட்டால் வெள்ளையாகவே நிற்கும். பழுப்பானதில் அமிலம் விட்டால் எவ்வளவு ஆக்சிஜன் இருந்ததோ அந்த அளவுக்கு அயோடின் வெளியே வரும், அதை அளந்துவிடலாம். மின்சாரக் கருவி ஒன்றும் தேவையில்லாத வேலை. இன்றைக்கும் கல்லூரி ஆய்வகங்களில் இதைச் செய்கிறார்கள்.

அளக்கத் தெரிந்ததும் அடுத்தது எளிது. அழுக்குத் தண்ணீரை இரண்டு குப்பிகளில் அடைத்து, ஒன்றில் இன்றே ஆக்சிஜனை அளந்துவிட்டு, மற்றதை இருட்டில் சில நாள் வைத்துப் பிறகு அளந்தால், குறைந்த அளவுதான் கிருமிகள் குடித்த அளவு. அந்தத் தண்ணீரில் எவ்வளவு 'விருந்து' இருக்கிறது என்பதை, விருந்தாளிகள் இழுத்த மூச்சைக் கொண்டு கண்டுபிடிக்கிற தந்திரம் இது. இதற்கு உயிர்வேதி ஆக்சிஜன் தேவை என்று பெயர். அதிகாரிகளும் பொறியாளர்களும் பி.ஓ.டி. என்பார்கள். பசையா, மாவா, மலமா என்று பிரித்துப் பார்க்கவே வேண்டாம் என்பதுதான் இதன் அழகு. எதுவானாலும் ஆற்றிடமிருந்து எவ்வளவு மூச்சைக் கேட்கப் போகிறது என்ற ஒரே எண்ணாகச் சொல்லிவிடும்.

பிரிட்டனில் 1898இல் அமைத்த கழிவுநீர் அகற்றல் குறித்த அரச ஆணையம், நதி நதியாகப் போய் இந்தச் சோதனையைச் செய்து பார்த்தது. எந்த ஆறு நாறுகிறது, எது நாறவில்லை என்பதையும் குப்பிக் கணக்கையும் ஒப்பிட்டது. ஐந்து நாளில் லிட்டருக்கு நான்கு மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜனைக் கேட்கும் ஆறு தொல்லை தரத் தொடங்குகிறது என்று கண்டது. அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, 1912இல் வெளியான எட்டாவது அறிக்கையில், ஆற்றில் விடும் கழிவுநீரின் தேவை 20 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்றது. கணக்கை நாமே போடலாம். ஓரளவு சுத்தமான ஆற்றுநீரின் தேவை 2. அப்படிப்பட்ட எட்டுப் பங்கு தண்ணீரோடு, 20 உள்ள கழிவுநீர் ஒரு பங்கு சேர்ந்தால் மொத்தம் 36. அதை ஒன்பது பங்குக்கு வகுத்தால் 4. ஏன் ஐந்து நாள் என்றால், பிரிட்டன் ஆறுகளின் தண்ணீர் அதற்குள் கடலுக்குப் போய்விடும் என்ற விளக்கம் வழக்கத்தில் இருக்கிறது. நம் வெயிலில் கிருமிகள் வேகமாகத் தின்னும், அதனால் இந்தியாவில் 27 பாகை சூட்டில் மூன்று நாள் வைத்துச் சோதிக்கிறார்கள். நம் சட்ட வரம்பு 30.

அந்தக் கணக்கில் ஒளிந்திருக்கும் எட்டுப் பங்கு ஆற்றுநீரைக் கவனித்தீர்களா? ஆரணியை ஒட்டிப் போகும் கமண்டல நாகநதி சவ்வாது மலைப் பக்கத்திலிருந்து வந்து செய்யாற்றில் கலக்கிறது. வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் மணல்தான். எட்டுப் பங்குக்கு எங்கே போவது? பிரிட்டனின் ஈரத்தில் பிறந்த ஒரு எண்ணை வடதமிழ்நாட்டு மணலாற்றின் மேல் அப்படியே எழுதி வைத்திருக்கிறோம். வரம்பு தவறு என்று சொல்லவில்லை. வரம்புக்குள் இருந்தாலும் இங்கே ஆறு தப்பிக்கும் என்று நம்பிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

வகுப்பில் விங்க்லரின் ரசாயனங்களை வைத்துக்கொள்ளத் தேவையில்லை. மீன்தொட்டிக் கடையில் மெத்திலீன் நீலம் என்று ஒரு குப்பி கிடைக்கும், மீனுக்குப் பூஞ்சை பிடித்தால் விடுவார்கள். ஆக்சிஜன் இருக்கும் தண்ணீரில் அது நீலமாக இருக்கும். கிருமிகள் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டால் நிறம் போய்விடும். பால் பண்ணைகளில் இதே சாயத்தைக் கொண்டு பாலைச் சோதிப்பதுண்டு. நீலம் சீக்கிரம் போனால் அந்தப் பாலில் கிருமி அதிகம். நான்கு சின்னக் கண்ணாடிக் குப்பிகள் போதும். முதலாவதில் குடிநீர். இரண்டாவதில் கழுநீர். மூன்றாவதில், ஆறிய பசைத் தண்ணீர் ஒரு பங்குக்கு இருபது பங்கு ஏரித் தண்ணீர் சேர்த்தது. பசைத் தண்ணீர் காரமாக இருக்கும், நீர்க்கச் செய்யாவிட்டால் கிருமிகளே பிழைக்காது, அப்புறம் நீலம் போகவில்லை, தண்ணீர் நல்லது என்று தப்பாக முடிவு கட்டிவிடுவோம். நான்காவதில் அதே கழுநீரைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, குலுக்கிக் காற்றேற்றி ஊற்ற வேண்டும். எல்லாவற்றிலும் நீலம் ஒரே அளவாகச் சில சொட்டு. விளிம்புவரை நிரப்பி, குமிழி இல்லாமல் மூடி, நிழலில் வைத்துவிட வேண்டும்.

கழுநீரும் பசையும் இருக்கும் குப்பிகள் அடியிலிருந்து வெளுத்துக்கொண்டு வரும். குடிநீர் நீலமாகவே நிற்கும். எல்லாரும் பார்க்க வேண்டியது நான்காவதைத்தான். அதிலும் இருப்பது அதே கழுநீர்தான், ஆனாலும் நீலம் நெடுநேரம் தாங்கும். மாவு தானாக எதையும் செய்வதில்லை, கொதியில் செத்துப்போன ஏதோ ஒன்றுதான் ஆக்சிஜனைத் தின்றது என்பதற்கு அந்தக் குப்பி சாட்சி. வெளுத்த குப்பியைத் திறந்து குலுக்கினால் நீலம் திரும்பி வரும். பிள்ளைகள் இதைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள், செய்யட்டும். கையில் பட்டால் நீலம் ஓரிரு நாள் போகாது என்பதை மட்டும் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்.

சாயத் தண்ணீரை இந்த வகுப்பில் சோதிக்க முடியாது, அதன் நிறமே நீலத்தை மறைத்துவிடும். விங்க்லர் வழி வந்த குப்பிச் சோதனையும் அதனிடம் ஏமாந்துபோகும். பெரும்பாலான செயற்கைச் சாயங்களைக் கிருமிகளால் எளிதில் தின்ன முடியாது. தின்னாவிட்டால் மூச்சும் கேட்காது. எனவே பி.ஓ.டி. எண் குறைவாகவே காட்டும், தண்ணீர் மட்டும் ரத்தச் சிவப்பாக ஓடும். சாயத்தின் கேடு வேறு வகை: வெயிலை மறைத்துப் பாசியின் வேலையைக் கெடுக்கும், சில அசோ சாயங்கள் சிதைந்தால் நச்சுப்பொருள்கள் வரும். அப்படிப்பட்ட சாயங்கள் சிலவற்றை இந்தியா 1997இல் தடை செய்தது. நொய்யல் ஆற்றுக்காக 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது பலருக்கு நினைவிருக்கும். சாயத்துக்கு ஆய்வகமும் சட்டமும் வேண்டும். பசைக்கும் கழுநீருக்கும் தெருவே ஏதாவது செய்ய முடியும் என்பதால்தான் நான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

மாட்டையும் வாழையையும் மறக்கவில்லை. மாட்டின் முதல் வயிறும் ஆக்சிஜன் இல்லாத இடம்தான், சாக்கடைக்கு ஒரு வகையில் உறவு. அங்கேயும் காற்றில்லாமல் வாழும் கிருமிகள் மாவைப் புளிக்க வைக்கின்றன. புளித்து வரும் அமிலங்களை மாடு தன் உணவாக உறிஞ்சிக்கொள்கிறது, மீத்தேன் ஏப்பமாகப் போகிறது. சாண எரிவாயுக் கலத்தில் அந்த மீத்தேனை வீணாக்காமல் அடுப்புக்குத் திருப்புகிறோம். அரிசி ஆலையின் ஊறல் தண்ணீருக்கும் இந்த வழி பொருந்தும்.

வாழையின் கதை நேர்மாறானது. ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் இருப்பதைப் போல முப்பத்தைந்து மடங்குக்கு மேல். அதோடு, காற்றில் ஆக்சிஜன் பரவும் வேகம் தண்ணீரில் பரவும் வேகத்தைப் போலப் பத்தாயிரம் மடங்கு. நல்ல மண் என்பது பாதி வெற்றிடம். கழுநீரை அதில் ஊற்றினால் ஒவ்வொரு மண்துகளின் மேலும் மெல்லிய படலமாகப் பரவுகிறது. அந்தப் படலத்துக்குள் கிருமிகள், படலத்தை ஒட்டிய பக்கத்தில் காற்று. மண்டபத்தின் சுவர்களே இல்லாமல் போய்விட்டன. விருந்து நடக்கிறது, யாருக்கும் மூச்சு முட்டவில்லை. மாவு கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் போகிறது, புரதத்தின் நைட்ரஜன் வாழைக்கு உரமாகிறது. புழக்கடையில் கிணற்றடி ஓடையை வாழைக்குத் திருப்பிவிட்ட பழைய வீடுகளில் நடந்தது இதுதான். 1887இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், லாரன்ஸ் என்ற ஊரில் தொடங்கிய ஆய்வு நிலையம் மணலிலும் சரளையிலும் கழிவுநீரை விட்டு விட்டு ஊற்றிப் பார்த்து இதே முடிவுக்கு வந்தது. இடைவெளி விட்டு ஊற்றினால் சுத்தமாகிறது, ஓயாமல் ஊற்றினால் அடைத்துக்கொண்டு நாறுகிறது. இடைவெளியில் மண்ணுக்குள் காற்று திரும்பி வர வேண்டும். வாழைக்குக் கழுநீர் ஊற்றுபவர்களும் ஒரே தூரில் தினமும் கொட்டாமல் மாற்றி மாற்றி ஊற்ற வேண்டியது இதனால்தான்.

அப்படியானால் பட்டுப் பசைத் தண்ணீரையும் வாழைக்கு விட்டுவிடலாமே என்று தோன்றும். இங்கே ஒரு முட்டுக்கட்டை. பசை உரம்தான், ஆனால் அதோடு வரும் சலவைச் சோடாவும் சோப்பும் சோடியம் கொண்டவை. களிமண் துகள்களைக் கால்சியம்தான் ஒன்றோடொன்று கட்டி வைத்திருக்கிறது. சோடியம் அதிகமானால் கால்சியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். துகள்கள் உப்பிப் பிரிந்து, மண்ணின் துளைகளை அடைத்துவிடும். மேலே தண்ணீர் நிற்கும், காய்ந்தால் ஓடாக வெடிக்கும். இது களர் என்று உழவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, ஜிப்சம் போட்டுச் சரிசெய்யவும் தெரியும். ஜிப்சத்தில் இருப்பது கால்சியம். ஆனால் வருடக்கணக்கில் சோடா ஊற்றி, வருடக்கணக்கில் ஜிப்சம் போட்டுக்கொண்டிருப்பது வெட்டி வேலை.

சோடியம் இல்லாமல் பசை எடுக்க முடியுமா? முடியும். செரிசின் கொதிநீரிலேயே கரையத் தொடங்கும், சோடா அதை விரைவுபடுத்துகிறது, அவ்வளவே. சூட்டை 120 பாகைக்குக் கொண்டுபோனால், சோப்பும் சோடாவும் இல்லாமல் வெறும் தண்ணீரே பசையைக் கழற்றிவிடும். வீட்டு பிரஷர் குக்கர் எட்டும் சூடுதான் இது. ஆலைகளில் அழுத்தக் கலன்களில் இப்படிச் செய்கிறார்கள். நூல் முழுக்கச் சீராகப் பசை போக வேண்டும், பளபளப்பு குறையக் கூடாது. அதற்குப் பழகிய கையும் தகுந்த கலனும் வேண்டும், வீட்டுக்கு வீடு செய்கிற காரியம் இல்லை, பல தறிக்காரர்கள் சேர்ந்து ஓரிடத்தில் செய்யலாம். அசாமில் எரிப் பட்டுக் கூடுகளை அவிக்கத் தாவரச் சாம்பலைச் சேர்க்கும் பழக்கம் இருக்கிறது. சாம்பல் காரத்தில் மிகுதி பொட்டாசியம், அது வாழை விரும்பிக் கேட்கும் உணவு. வெறும் தண்ணீரில் எடுத்த பசைக்கு இன்னொரு நன்மையும் உண்டு. கெட்டியான கரைசல் ஆறினால் கூழாக உறையும், பிரித்தெடுக்கலாம். அழகுசாதனக் களிம்புகளில் செரிசினைச் சேர்க்கிறார்கள், விலை கொடுத்து வாங்குகிறார்கள். ஆரணியின் சாக்கடைக்கும் அந்தக் களிம்புப் புட்டிக்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் சோடாவும் சோப்பும்தான் என்பது எனக்குச் சிரிப்பையும் எரிச்சலையும் சேர்த்தே வரவழைக்கிறது.

வாழை வைக்க இடமில்லாத வீடுகளே நெசவுத் தெருக்களில் அதிகம். சுவரோடு சுவர் ஒட்டிய நீள வீடுகள். அங்கே உறிஞ்சுகுழிதான் வழி. இந்த இடத்தில் பலரும் செய்யும் ஒரு குழப்பத்தைத் தெளிவாக்கிவிட வேண்டும். 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அந்தக் குழி ஏற்கெனவே இருக்கிறதே என்று பாத்திரம் கழுவிய தண்ணீரையும் அதற்குள் திருப்பிவிடுகிறார்கள். மழைநீர்க் குழியின் வேலை, மேல்மண்ணைத் தாண்டி ஆழத்துக்குத் தண்ணீரை வேகமாகக் கொண்டுபோவது. கழுநீர்க் குழிக்கு வேண்டியது நேர் எதிர்: காற்றும் கிருமியும் நிறைந்த மேல்மண்ணிலேயே தண்ணீரை மெதுவாக இழுத்து வைப்பது. ஆரணி வட்டாரத்தின் அடியில் இருப்பது கடினப் பாறை. மேலே மண்ணும் சிதைந்த பாறையும், கீழே விரிசல்கள். விரிசலுக்குள் இறங்கிய தண்ணீருக்கு வடிகட்டி கிடையாது, போட்டது போட்டபடி அடுத்த வீட்டு ஆழ்குழாயில் வரும்.

நல்ல உறிஞ்சுகுழியிலும் ஒன்று தப்பிப் போகும். புரதத்தின் நைட்ரஜன் முதலில் அம்மோனியாவாகி, காற்றுள்ள மண்ணில் நைட்ரேட்டாக மாறும். செடி வேர் இருந்தால் அதை எடுத்துக்கொள்ளும். வெறும் குழியில் வேர் ஏது? நைட்ரேட் தண்ணீரோடு கீழே இறங்கிவிடும், மண் அதைப் பிடித்து வைக்காது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. கைக்குழந்தைகளின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை அது குறைக்கும். குழியின் ஓரத்தில் ஒரு வாழையோ சேம்போ கல்வாழையோ நிற்க வேண்டும் என்று சொல்வது பச்சைப்பசேலென்ற அழகுக்காக அல்ல.

ஊருக்கு மேற்கே, வேலூர் மாவட்டத்திலும் திருவண்ணாமலை மாவட்டத்திலும் நாகநதிப் படுகையில் ஆயிரக்கணக்கான பெண்கள் நூறு நாள் வேலைத் திட்டத்தில் செறிவூட்டும் கிணறுகளும் தடுப்பணைகளும் கட்டியது நாட்டுக்கே தெரிந்த செய்தி. 2021 செப்டம்பரில் பிரதமர் 'மனதின் குரல்' வானொலி உரையில் அதைப் பேசினார். வற்றிய ஆற்றின் அடியில் நீர்மட்டம் மறுபடி ஏறுவது நல்ல செய்தி. உறிஞ்சுகுழி தோண்டுகிறவருக்கு அதில் ஒரு கூடுதல் வேலையும் இருக்கிறது. குழியின் அடிக்கும் நிலத்தடி நீரின் மேல்மட்டத்துக்கும் இடையே உள்ள காற்றுள்ள மண்தான் வடிகட்டி, குறைந்தது ஆறடியாவது வேண்டும். பங்குனியில் கிணற்றை எட்டிப் பார்த்து, தண்ணீர் எங்கோ கிடக்கிறது என்று ஆழமாகத் தோண்டிவிட்டால், மழைக்காலத்தில் கிணறு ஏறும்போது அந்த ஆறடி காணாமல் போய்விடும். கார்த்திகையில், அடைமழை ஓய்ந்த பிறகு, கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றுக்குள் விட்டு அளக்க வேண்டும். தரையிலிருந்து தண்ணீர் பத்தடியில் இருந்தால் குழி நான்கடிக்கு மேல் போகக் கூடாது. எட்டடிக்குள் ஏறிவிட்டால் ஆழக் குழியை மறந்துவிட்டு, அகலமான ஆழமில்லாத பாத்தியாக வெட்டி, கழுநீரை ஒருநாள் விட்டு ஒருநாள் திருப்பிவிடலாம்.